எமனுக்கு இரண்டு டம்ளர்

சேனாபதி விழுந்ததும் ஆறு பேர் கை தட்டினார்கள்.

தட்டத்தானே செய்வார்கள்? அவர் போட்டிருந்தது எமதர்மன் வேஷம். தலையில் ஜரிகைப் பேப்பர் ஒட்டிய அட்டைக் கிரீடம். கன்னம் வரை நீண்ட ஒட்டு மீசை. தோளில் கதாயுதம். உயிரை எடுக்க வேண்டியவரே "ஹக்" என்று ஒரு சத்தம் போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நடு ஹாலில் தொப்பென்று விழுந்தால்...

அதுவும் பேய் வேஷம் போடுகிற ஹாலோவீன் பார்ட்டியில்!

"அங்கிள் பின்னிட்டாரு" என்றான் ஒருவன்.

1998. அக்டோபர் 31. சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. நியூ ஜெர்ஸியின் எடிசனில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், வாடகைக்கு எடுத்த ஒரு டவுன்ஹவுஸ். பிள்ளைகள் எல்லாம் மாடியில் வீடியோ கேம். கீழே எட்டுப் பெரியவர்கள்.

எட்டில் ஒருவர் தரையில். ஆறு பேர் கை தட்டினார்கள். மிச்சம் ஒருத்தி.

வீட்டுக்காரி தாமரைச்செல்வி. இருபத்தெட்டு வயது. கறுப்புப் புடவை, கூம்புத் தொப்பியோடு சூனியக்காரி வேஷம். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு சேனாபதியின் பக்கத்தில் மண்டியிட்டாள். அவருடைய இமையை விரலால் தூக்கிப் பார்த்தாள்.

கண்மணி கடுகு அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது.

வாயோரம் நுரை. உடம்பெல்லாம் வியர்வை. தோள்பட்டைச் சதை தானாகத் துடித்தது.

குனிந்து மோந்து பார்த்தாள். ரோஜா சிரப் வாசனை. அதற்கு அடியில்... வேறு ஏதோ ஒன்று.

"மகிழ், 911 கூப்பிடு. இது நடிப்பு இல்ல."

மகிழன் அவள் கணவன். பழைய வேட்டியைக் கிழித்து உடம்பு முழுக்கச் சுற்றிக்கொண்டு எகிப்து மம்மியாக நின்றவன். போனை நோக்கி ஓடியதில் வேட்டியின் நுனி கதவுக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. பனியனும் ஷார்ட்ஸுமாகத்தான் போய்ச் சேர்ந்தான்.

"ஹார்ட் அட்டாக்னு சொல்லவா?"

"பாய்சன்னு சொல்லு."

கை தட்டியவர்கள் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

தாமரைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் சென்னையில் தடயவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். பூச்சிமருந்துக் கேஸ் மட்டும் ஒரு வாரத்துக்குப் பத்து பார்த்திருக்கிறாள். அமெரிக்கா வந்த பிறகு அவளுக்குக் கிடைத்தது H-4 விசா. கணவன் வேலை பார்க்கலாம், மனைவி வேடிக்கை பார்க்கலாம் என்று சொல்லும் விசா அது.

இரண்டு வருஷம் வேடிக்கை பார்த்தாள். பைத்தியம் பிடிக்கும்போல இருந்தது. அதனால்தான் இந்தப் பார்ட்டி.

பார்ட்டிக்கு இன்னொரு காரணமும் இருந்தது. தரையில் கிடக்கிறாரே சேனாபதி, அவர்தான் மகிழனுக்கு ஆபீசில் மேனேஜர். மகிழனின் கிரீன் கார்டு ஃபைலில் அவர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். பதினாலு மாசமாகப் பேனா தேடிக்கொண்டிருந்தார் மனுஷன்.

நன்றாகச் சாப்பிட்டால் பேனா கிடைக்கும் என்று தாமரை நம்பினாள்.

அதற்காக மூன்று நாள் சமையலறையே லேப் ஆனது. முறுக்கு மாவை விரல் நீளத்துக்கு உருட்டினாள். நடுவில் இரண்டு இடத்தில் கத்தியால் கீறிக் கணு வைத்தாள். நுனியில் பாதி பாதாமை நகமாக அழுத்திப் பொரித்தாள். வெட்டிய மனித விரல் தயார். மினி இட்லியின் நடுவில் ஆலிவ் வளையம் வைத்து, பீட்ரூட் சாற்றில் குச்சியைத் தொட்டு நரம்பு வரைந்தாள். பிடுங்கிய கண் தயார். தக்காளித் தொக்கில் இடியாப்பத்தைப் புரட்டினாள். அது புழு. கேசரியைத் தட்டில் மேடாகக் குவித்து பிஸ்கட்டைச் செங்குத்தாகக் குத்தினாள். அது சுடுகாடு.

அடுப்படி நாறவில்லை, கமகமவென்று மணந்தது. பார்த்தால்தான் வயிறு கலங்கும்.

கடைசியாக ரத்த ஷர்பத். ரோஜா சிரப், க்ரான்பெர்ரி ஜூஸ், ஜிஞ்சர் ஏல். டின் லிச்சியின் குழியில் ஒரு கறுப்புத் திராட்சையைச் செருகி மிதக்கவிட்டால் கண்முழி. கார்ன் சிரப்பில் சிவப்புக் கலரைக் குழைத்து டம்ளரின் வெளி விளிம்பில் தடவிவிட்டால் ரத்தம் வழிகிற மாதிரியே இருக்கும். பிள்ளைகளுக்குப் பேப்பர் கப்பில் ஆரஞ்சு ஜூஸ். பெரியவர்களுக்கு மட்டும் இந்தக் கண்ணாடி டம்ளர். பெட்டியில் சரியாக எட்டு இருந்தது.

சேனாபதி ஒரு டம்ளரைக் காலி செய்தார். இன்னொன்றும் குடித்தார். பிறகு பேச ஆரம்பித்தார்.

நவம்பரில் ஊர்த் தமிழ் மன்றத்துக்குத் தேர்தல். சேனாபதி தலைவர் பதவிக்கு நின்றார். 'குடும்பமே பண்பாடு' என்பது அவருடைய கோஷம். எமன் வேஷத்தோடு அதைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். பேசப் பேச வியர்த்தது. வாயில் நீர் ஒழுகியது. உணர்ச்சிவசப்படுகிறார் என்று நினைத்தார்கள்.

இருபத்தோராவது நிமிஷம் விழுந்தார்.

ஆம்புலன்ஸ் ஆறு நிமிஷத்தில் வந்தது. கூம்புத் தொப்பி போட்ட ஒருத்தி மருந்தின் பெயரைச் சொல்லி, இதை உடனே போடு என்றால் யார் கேட்பார்கள்? ஆம்புலன்ஸில் வந்த பெண் கேட்டாள். சேனாபதியின் கண்ணை டார்ச் அடித்துப் பார்த்தாள். வயர்லெஸ்ஸில் டாக்டரிடம் பேசினாள். ஊசி போட்டாள். ஸ்ட்ரெச்சரில் கிரீடத்தோடு எமன் வெளியேறினார்.

அவருடைய மனைவி வசந்தாமணி கூட ஏறப் போனாள். இடமில்லை, பின்னால் வாருங்கள் என்றார்கள். அதற்குள் போலீஸ் கார் வந்து வாசலை அடைத்துக்கொண்டது. யாரும் வெளியே போகக் கூடாது என்றார்கள்.

இரண்டு பேர் வந்தார்கள். டிடெக்டிவ் மார்ட்டீனோ, ஐம்பது வயது, பெரிய தொப்பை, சின்ன நோட்டு. கூடவே யூனிஃபார்மில் ஒரு இளைஞன். அவர்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். நம்முடைய வசதிக்குத் தமிழில் படியுங்கள்.

யூனிஃபார்ம் இளைஞன் டைனிங் டேபிளைப் பார்த்தான். ஒரு தட்டில் மூடி. மூடியைத் தூக்கினான்.

பதினைந்து விரல்கள்!

கை துப்பாக்கிக்குப் போனது.

"மேடம்... அந்த விரல்களை விட்டு... தள்ளி நில்லுங்க."

தாமரை தள்ளி நிற்கவில்லை. ஒரு விரலை எடுத்து நறுக்கென்று கடித்தாள்.

இளைஞனின் முகம் இட்லி நிறத்துக்கு வெளுத்தது. அடுத்த தட்டில் பன்னிரண்டு கண்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

மார்ட்டீனோ சிரிக்கவில்லை. டேபிளில் இருப்பதை எல்லாம் சமைத்தது யார் என்று கேட்டார்.

"நான்தான்."

"ஷர்பத்?"

"அதுவும் நான்தான்."

"மிஸ்டர் சேனாபதி கடைசியா குடிச்ச டம்ளர்? அதை அவர் கையில குடுத்தது யாரு?"

தாமரை வாயைத் திறப்பதற்குள் பத்மநாபன் திறந்தார்.

பத்மநாபன் அதே தேர்தலில் சேனாபதியை எதிர்த்து நிற்பவர். ரத்தக்காட்டேரி வேஷம். பிளாஸ்டிக் கோரைப்பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நல்லவராகப் பேசினார். தாமரைதான் தன் கையால் டம்ளரை நிரப்பிக் கொடுத்தாள், எல்லோரும் பார்த்தோம் என்றார். பாவம், கிரீன் கார்டு பேப்பரில் சேனாபதி கையெழுத்துப் போடவில்லை என்று இரண்டு பேருக்கும் மனவருத்தம் என்றார். விஷத்தைப் பற்றி அந்தப் பெண் படித்தவள் என்றும் போகிற போக்கில் சேர்த்துக்கொண்டார்.

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க?" என்று அவர் மனைவி நாகலக்ஷ்மி இடித்தாள்.

"உண்மையைச் சொல்ல வேண்டாமா?"

சொல்லிவிட்டார். மார்ட்டீனோ எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

சமைத்தவள் அவள். கொடுத்தவள் அவள். கோபம் அவளுக்கு. படிப்பும் அவளுக்கு!

மகிழன் பனியனோடு முன்னால் வந்து, தன் மனைவி ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவள் என்று ஆரம்பித்தான். கேட்க யாருமில்லை. யூனிஃபார்ம் இளைஞன் எழுந்து இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தான்.

இந்த நாட்டில் கைவிலங்கு என்றால் என்ன ஆகும் என்று தாமரைக்குத் தெரியும். விசா போகும். மகிழன் வேலை போகும். அதற்குப் பிறகு ஜெயில். பயத்தில் அழுகை வந்தது. அழுதால் யோசிக்க முடியாது என்று அடக்கிக்கொண்டாள்.

"பத்து நிமிஷம் குடுங்க சார். எங்க வீட்டு டம்ளரை மட்டும் எண்ணிப் பார்த்துக்கறேன்."

"எதுக்கு?"

"எல்லாரும் ஒரே பாத்திரத்துலேர்ந்துதான் ஷர்பத் குடிச்சோம். நானும் குடிச்சேன். விழுந்தது ஒருத்தர். அப்படின்னா விஷம் ஷர்பத்துல இல்ல. டம்ளர்ல இருக்கு."

மார்ட்டீனோ அவளையே பார்த்தார். பாக்கெட்டிலிருந்து ஒரு ஜோடி கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எண்ணுவோம்."

வீட்டில் இருந்த டம்ளரை எல்லாம் மார்ட்டீனோ ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து டேபிளில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் சிவப்புச் சிரப் ஒரு இடத்தில் கலைந்து, உதட்டின் அச்சு பதிந்திருந்தது. எது யாருடையது என்று கேட்டார்கள். மகிழனுடையது ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. தாமரையுடையது அடுப்புப் பக்கம். பத்மநாபன், நாகலக்ஷ்மி, மகிழனின் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர், நான்கு பேரும் அவரவர் டம்ளரைக் காட்டினார்கள்.

ஆறு.

டி.வி. மேல் ஒன்று. கார்ப்பெட்டில் உருண்டு கிடந்தது இன்னொன்று. இரண்டின் சிரப்பிலும் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. மார்ட்டீனோ குனிந்து பார்த்தார்.

ஒட்டு மீசையின் முடி!

"எட்டு ஆச்சு" என்றாள் தாமரை. "எட்டுப் பேர், எட்டு டம்ளர். ஆனா சேனாபதி அங்கிளுக்கு மட்டும் ரெண்டு. யாருக்கோ ஒண்ணு இல்ல."

எல்லோரும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சோபாவைப் பார்த்தார்கள்.

சோபாவின் ஓரத்தில் வசந்தாமணி உட்கார்ந்திருந்தாள். சேனாபதியின் மனைவி. உடுமலைப்பேட்டைப் பக்கம் தோட்டத்துக்காரர் மகள். நாற்பத்தாறு வயது. வேஷம் எதுவும் போடவில்லை. சுங்குடிச் சேலை, ஸ்வெட்டர், காலில் சாக்ஸ்.

தாமரை அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க ஷர்பத் குடிச்சீங்களா?"

"குடிச்சேன் கண்ணு. நல்லா இருந்துச்சு. ரெண்டு கண்ணையும் தின்னுட்டேன்."

"உங்க டம்ளர் எங்க?"

"நீ வச்சிருந்தியே அந்தத் தட்டம், அதுலயே வச்சுட்டேன்."

"குடிச்ச டம்ளரையா?"

வசந்தாமணிக்குச் சுருக்கென்றது. புருஷன் விஷம் குடித்து விழுந்தபோதுகூட அவள் முகம் இப்படிச் சிவக்கவில்லை.

"நான் எச்சில் பண்ணிக் குடிக்கறவளா? உதடு படாம அண்ணாந்துதான் குடிப்பேன். கொழந்தையிலிருந்தே அப்படித்தான். உங்க டிஷ்வாஷர் ரிப்பேர்னு நீதான சொன்ன? சுத்தமா இருக்கற டம்ளரை எதுக்குக் கழுவோணும்னு திருப்பி வச்சேன்."

தாமரைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தட்டில் ஒரு காலி டம்ளர் இருந்ததும், விளிம்பில் ரத்தம் கலையாமல் அப்படியே இருந்ததும் நினைவுக்கு வந்தது. இதை நிரப்ப மறந்துவிட்டோமே என்று நினைத்து அவள்தான் ஷர்பத்தை ஊற்றினாள். பேச்சுக்குத் தயாராக நின்ற சேனாபதியின் கையில் கொடுத்ததும் அவள்தான்.

மார்ட்டீனோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒருவர் குடித்த டம்ளரில் வாய் வைத்த அடையாளம் எப்படி இல்லாமல் போகும் என்று கேட்டார். எச்சில் என்ற சமாசாரத்தை ஆங்கிலத்தில் விளக்க மகிழன் முயன்றான். ஐந்து வாக்கியம் பேசினான். மார்ட்டீனோ இன்னும் குழம்பினார்.

"வளவளன்னு பேசாதீங்க தம்பி. ஒரு டம்ளர் தண்ணி குடுங்க" என்றாள் வசந்தாமணி.

கொடுத்தான். எழுந்து நின்றாள். தலையைப் பின்னால் சாய்த்தாள். டம்ளரை முகத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்துச் சரித்தாள். தண்ணீர் கயிறு மாதிரி நேராகத் தொண்டைக்குள் இறங்கியது. மடக், மடக், மடக். ஒரு சொட்டு கன்னத்தில் படவில்லை. டம்ளரைக் கீழே வைத்து, காய்ந்த உதட்டைக் காட்டினாள்.

மார்ட்டீனோ நோட்டைக் கீழே போட்டுவிட்டார்.

யூனிஃபார்ம் இளைஞனுக்கு ஆசை வந்துவிட்டது. தானும் ஒரு டம்ளர் வாங்கி அண்ணாந்தான். தண்ணீர் மூக்கில் ஏறியது. சட்டை, பேட்ஜ், ஷூ எல்லாம் நனைந்து அவன் இருமிய இருமலில் மாடியிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தன. பத்மநாபனின் மகள் அஞ்சனா, "ஈஸ் ஹீ டையிங் டூ?" என்று விசாரித்துவிட்டு கேமுக்குப் போனாள்.

தாமரை தொடர்ந்தாள்.

"சிரப் தடவினது டம்ளருக்கு வெளிப்பக்கம் சார். வாய் வச்சுக் குடிச்சா கீழுதடு அங்கதான் படும். விஷம் அந்தச் சிரப்புல இருந்திருக்கு. ஆன்ட்டி அண்ணாந்து குடிச்சதால அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. அதே டம்ளர்ல அங்கிள் வாய் வச்சுக் குடிச்சார்."

"அப்ப குறி வச்சது..."

"அங்கிளுக்கு இல்ல. ஆன்ட்டிக்கு."

நாகலக்ஷ்மி வாயைப் பொத்திக்கொண்டாள்.

வசந்தாமணி மெதுவாக உட்கார்ந்தாள். தன்னைக் கொல்ல யாருக்கு என்ன காரணம் என்று கேட்டாள். தேங்காய் உடைக்கக்கூட மற்றவரைக் கூப்பிடுகிறவள், யாரிடமும் பேச்சு வளர்க்காதவள்.

"ஆன்ட்டி... அந்த டம்ளரை நீங்களா எடுத்தீங்களா? யாராவது குடுத்தாங்களா?"

வசந்தாமணி முந்தானை நுனியை மடித்துப் பிரித்தாள்.

"அவர்தான் கொண்டாந்து குடுத்தார்."

"சேனாபதி அங்கிளா?"

"ம். எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு கண்ணு. கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷம். காய்ச்சல்ல கெடந்தப்பக்கூட ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுத்ததில்ல. இன்னிக்கு எல்லார் முன்னாடியும் கொண்டாந்து, குடி வசந்தான்னார். குடுத்துட்டு, போன் பேசோணும்னு வெளிய போயிட்டார்."

நாகலக்ஷ்மிக்கும் ஞாபகம் வந்தது. அந்தக் காட்சியைப் பார்த்துத் தன் புருஷனை முழங்கையால் குத்தி, பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னவள் அவள்தான். பத்மநாபன் கற்றுக்கொள்ளாமல் இருந்ததற்கு இப்போது மனதாரக் கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

தாமரைக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. பார்ட்டி ஆரம்பிக்கும் முன்னால் சேனாபதி சமையலறைக்கு வந்து, ரத்தம் தடவ நான் உதவுகிறேன் என்று நின்றார். மேனேஜரே உதவுகிறாரே, கையெழுத்து நிச்சயம் என்று அவள் பூரித்துப் போனாள்!

"சார், அந்தக் கதாயுதம் எங்க? சமையலறைக்கு வந்தப்பக்கூட அதை அவர் கீழ வைக்கல."

சோபாவுக்கு அடியில் கிடந்தது. பலூனை ஊதி, மேலே பேப்பர் ஒட்டி, காய்ந்த பிறகு பலூனை உடைத்துச் செய்தது. உள்ளே வெறும் கூடு, பிடிப்பக்கம் சின்ன ஓட்டை. மார்ட்டீனோ தூக்கி ஆட்டினார்.

கடகட.

கத்தியால் கீறினார். சின்னக் கண் மருந்துக் குப்பி ஒன்று உருண்டு விழுந்தது. உள்ளே ஒரு சொட்டு மிச்சம். மார்ட்டீனோ மூடியைத் திறந்ததும் வசந்தாமணி அங்கிருந்தே மூக்கைச் சுளித்தாள்.

"இது எங்க தோட்டத்துல தென்னைக்கு வைக்கிற மருந்து. போன மாசம் ஊருக்குப் போயிட்டு வந்தப்ப பெட்டிக்குள்ள பருப்புப் பொடிக்கு நடுவுல வச்சுக் கொண்டாந்தார். எதுக்குங்கன்னு கேட்டேன். கறிவேப்பிலைச் செடிக்குப் பூச்சி விழுதுன்னார்."

"செடிக்குப் போட்டாரா?" என்றார் மார்ட்டீனோ.

"செடிக்குப் பூச்சியே இல்லீங்க."

மகிழன் அதை மொழிபெயர்த்து முடித்தான். பிறகு வசந்தாமணியே பேசினாள். ஆகஸ்டில் சேனாபதி அவளிடம் விவாகரத்துக் கேட்டாராம். ஆபீசில் ஒருத்தியைப் பிடித்துப்போயிருந்தது. வசந்தாமணி மறுக்கவில்லை. சரி, ஆனால் மன்றத்தில் எல்லோரிடமும் நீங்களே உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சொன்னாளாம். அதோடு அவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

பத்மநாபனுக்கு அரசியல் உடனே புரிந்தது.

"குடும்பமே பண்பாடுன்னு ஓட்டுக் கேக்கறவர் டைவர்ஸ் பண்ணா டெபாசிட் காலி. அதே சம்சாரம் தவறிட்டாங்கன்னா? அனுதாப ஓட்டு அப்படியே அள்ளும். ஜனவரியில ரெண்டாவது கல்யாணம் பண்ணாக்கூட, பாவம் தனியா இருந்தார்னு மொய் வைப்பாங்க."

"ஒரு எலெக்‌ஷனுக்காகவா?" என்றார் மார்ட்டீனோ. நம்ப முடியாமல், அது எந்த எலெக்‌ஷன், கவர்னரா, மேயரா என்று விசாரித்தார். நூற்று நாற்பது குடும்பம் இருக்கிற தமிழ் மன்றம் என்றார்கள். பொங்கல் விழாவில் முதல் வரிசையில் உட்காரலாம், மைக் பிடிக்கலாம் என்றார்கள். மார்ட்டீனோ எழுதுவதை நிறுத்திவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

சமையலறையில் போன் அடித்தது.

மகிழன் எடுத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து. ரிசீவரை மார்ட்டீனோவிடம் கொடுத்தான். அவர் உம் உம் என்று கேட்டார். வைத்தார்.

சேனாபதி பிழைத்துவிட்டார். வீட்டிலேயே சரியான ஊசி போட்டதால் பிழைத்தார். பத்து நிமிஷம் தாமதித்திருந்தால் இல்லை. கண் விழித்ததும் முதல் வேலையாக, எனக்கு விஷம் கொடுத்தது மகிழனின் மனைவிதான் என்று ஒரு நர்சைக் கூப்பிட்டு வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்!

உயிரைக் காப்பாற்றியவளையே கொலைகாரி என்கிற மனுஷனை என்ன சொல்ல? தாமரைக்கு வந்த கோபத்தில் தொப்பியைக் கழற்றி வீசினாள். இத்தனை நேரம் அடக்கி வைத்த அழுகையும் சேர்ந்து வந்தது. மகிழன் ஓடி வந்து அவள் தோளை அணைத்துக்கொண்டான். அவளை யாரும் எங்கேயும் கூட்டிப்போக விடமாட்டேன் என்று பனியனோடு சபதம் போட்டான்.

அந்தச் சபதத்துக்கு வேலை இல்லாமல் போனது. மார்ட்டீனோ இளைஞனைப் பார்த்துத் தலையசைத்தார். விலங்கை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ, கட்டில் கம்பியோடு சேர்த்துப் பூட்டு, எமன் வேஷத்தில் இருக்கிறவன்தான், அடையாளம் தவறாது என்றார்.

இளைஞன் ஈரச் சட்டையோடு கிளம்பினான். போகும்போது ஒரு விரலை எடுத்துக் கடித்துப் பார்த்தான். திரும்பி வந்து நான்கு விரலை டிஷ்யூ பேப்பரில் சுற்றிக்கொண்டான்.

மார்ட்டீனோ தன் கார்டை தாமரையிடம் நீட்டினார். இந்த மாதிரி ஆள் எங்கள் மாவட்டப் போலீஸ் லேபில் இல்லை, ஏன் வேலைக்கு வரக் கூடாது என்றார்.

"H-4 சார். நான் வேலை பார்க்கக் கூடாது."

"அப்ப இப்ப பார்த்தது என்ன?"

"பாத்திரம் எண்ணினேன்."

மார்ட்டீனோ அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

வசந்தாமணி மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாமரை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். கை ஜில்லென்று இருந்தது.

"அழுதுடுங்க ஆன்ட்டி."

"அழுகை வரல கண்ணு. கொல்லப் பார்த்தார். சரி, போகட்டும். ஆனா ஒண்ணுதான் தாங்கல." குரல் அங்கேதான் உடைந்தது. "இருபத்திரண்டு வருஷமா அவர் எதுக்க உக்காந்து சாப்பிட்டிருக்கேன். நான் எப்படித் தண்ணி குடிப்பேன்னு அவருக்குத் தெரியல பாரு."

மகிழன் சட்டென்று தன் மனைவியைப் பார்த்தான். அவள் எப்படித் தண்ணீர் குடிப்பாள் என்று அவசரமாக யோசித்துப் பார்த்தான். நினைவு வந்ததும்தான் மூச்சு விட்டான்.

பத்மநாபன் மட்டும் ஒரு ஓரத்தில் பளிச்சென்று இருந்தார். பிளாஸ்டிக் கோரைப்பல்லை மறுபடி மாட்டிக்கொண்டு வந்து வசந்தாமணிக்கு ஆறுதல் சொன்னார். எல்லாம் விதி என்றார். மன்றம் உங்கள் பின்னால் இருக்கிறது என்றார். திரும்பி, நாகலக்ஷ்மியின் காதில், இனிமேல் போட்டியே இல்லை, அன்னபோஸ்ட்தான் என்று கிசுகிசுத்தார். கோரைப்பல் போட்டுக்கொண்டு கிசுகிசுத்தால் நாலு பேருக்குக் கேட்கும்.

வசந்தாமணிக்கும் கேட்டது.

முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, நாமினேஷனுக்குக் கடைசி நாள் என்னிக்கு?"

"திங்கக்கிழமை" என்றார் பத்மநாபன். "ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதானுங்க. புருஷன் செத்தாத்தான் அனுதாப ஓட்டா... போலீஸ் புடிச்சுட்டுப் போனாலும் போடுவாங்களா?"